கொரில்லாவுக்கு ஒரு மணி நேரம். மீதி நாட்களுக்கு எந்தக் காடு?

"உகாண்டாவில் பெர்மிட் 800 டாலர், ருவாண்டாவில் 1,500 டாலர். ரெண்டும் அதே மலைக் கொரில்லாதானே சார், எதுக்கு இவ்வளவு வித்தியாசம்?"

ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர் போன மாதம் கேட்டார். அவருக்குப் பறவைப் பித்து. கழுத்தில் பைனாகுலர் இல்லாமல் காலை நடைக்குக்கூடப் போகமாட்டார். அவர் மனைவிக்குக் கொரில்லா பார்க்கவேண்டும் என்பது இருபது வருட ஆசை, ஆனால் முழங்கால் ஒத்துழைக்காது. இதே கேள்வியோடு இதற்கு முன்பும் சிலர் வந்திருக்கிறார்கள். எல்லோரும் பெர்மிட் விலையைத்தான் முதலில் எடுத்து வைக்கிறார்கள். கணக்கு அங்கிருந்து தொடங்கினால் தப்பாகத்தான் முடியும்.

எந்த நாட்டில் பெர்மிட் எடுத்தாலும் கொரில்லாக் குடும்பத்தோடு உங்களுக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம். எட்டுப் பேருக்கு மேல் ஒரு குடும்பத்தைப் பார்க்க விடமாட்டார்கள். பதினைந்து வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. இருமல், சளி என்று தெரிந்தால் வனக்காவலர் உங்களை வாசலிலேயே நிறுத்திவிடலாம். நம் சுவாச நோய்கள் கொரில்லாவுக்கு எளிதில் தொற்றும். 1996-இல் மனிதர்களிடமிருந்து வந்ததாகக் கருதப்படும் சொறிநோய் உகாண்டாவின் புவிண்டிக் காட்டில் ஒரு கொரில்லாக் குடும்பத்தையே பாதித்தது. இந்த விதிகளில் நாட்டுக்கு நாடு பெரிய வேறுபாடு இல்லை. வேறுபடுவது அந்த ஒரு மணி நேரத்துக்கு வெளியே இருக்கும் ஆறேழு நாட்கள். அந்த நாட்களை எந்தக் காட்டில் கழிக்கப் போகிறீர்கள் என்பதுதான் நீங்கள் எடுக்கவேண்டிய முடிவு.

எதை வைத்து எடைபோடுவது

நான் ஐந்து விஷயங்களைப் பார்ப்பேன். அந்தக் காட்டின் பறவைகள். கால்களுக்கு எவ்வளவு வேலை. சாலையில் எத்தனை நாள் போகும். எல்லாம் சேர்த்து, எத்தனை பேருக்கு, எவ்வளவு செலவு. கடைசியாக எல்லைப் பகுதியின் நிலைமை.

ஐந்துக்கும் ஒரே எடை கிடையாது. ஆளைப் பொறுத்து மாறும். அந்த வங்கிக்காரர் வீட்டில் கணவருக்கு முதலாவது முக்கியம், மனைவிக்கு இரண்டாவது. சிக்கலே அதுதான்.

இன்னொன்று. மைசூர் உயிரியல் பூங்காவில் கொரில்லா பார்த்தவர்கள் "அதுதானே இது?" என்று கேட்பதுண்டு. அங்கே இருப்பது மேற்குத் தாழ்நிலக் கொரில்லா. உலகத்துப் பூங்காக்களில் இருப்பவை ஏறக்குறைய எல்லாமே அந்த இனம்தான். மலைக் கொரில்லா எந்தக் கூண்டிலும் இல்லை. புவிண்டிப் பகுதியிலும், உகாண்டா, ருவாண்டா, காங்கோ ஜனநாயகக் குடியரசு மூன்றும் சேரும் எல்லையில் உள்ள விருங்கா எரிமலைத் தொடரிலும் மட்டுமே இருக்கிறது. கடைசியாக வெளியான கணக்கெடுப்புகளைக் கூட்டினால் 1,063. 2018-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் (IUCN) அழிவு அபாயம் குறைந்ததாக அதை 'மிக அருகிய' பட்டியலிலிருந்து 'அருகிய' பட்டியலுக்கு இறக்கியது. சுற்றுலாப் பணமும் அன்றாடக் கண்காணிப்பும் கால்நடை மருத்துவர்களும் சேர்ந்து ஒரு பெரிய குரங்கினத்தை மீளவைத்த அபூர்வக் கதை அது.

புவிண்டி, உகாண்டா: பறவைக்காரர்களின் காடு

புவிண்டிக்கு வைத்த ஆங்கிலப் பெயரின் பொருளே நுழையவொண்ணாக் காடு. பெயரை மிகை என்று நினைத்துப் போனவன் நான். 321 சதுர கிலோமீட்டர்தான் பரப்பு. ஆனால் அந்தப் பரப்பு முழுக்கக் கசக்கிப் போட்ட காகிதம் மாதிரி மேடும் பள்ளமுமாக இருக்கிறது. உயரம் 1,160 மீட்டரில் தொடங்கி 2,607 மீட்டர் வரை போகிறது. பறவைகள் அத்தனை பெருகியிருப்பதற்கு இந்த உயர வேறுபாடுதான் காரணம். தாழ்காட்டுப் பறவையும் மலைக்காட்டுப் பறவையும் ஒரே பூங்காவுக்குள் கிடைக்கின்றன. ஏறத்தாழ 350 வகைகள் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் இருபதுக்கும் மேல், உகாண்டா, ருவாண்டா, கிழக்குக் காங்கோ வழியாகப் போகும் ஆல்பர்டைன் பிளவுப் பகுதியை விட்டு வேறெங்கும் இல்லாதவை.

பூங்காவுக்கு நான்கு வாசல்கள்: புஹோமா, ருஹிஜா, ருஷாகா, ங்குரிங்கோ. கொரில்லாவுக்கு எந்த வாசலும் சரி. பறவைக்கு ருஹிஜா. 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் சின்ன ஊர், இரவில் ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. அங்கிருந்து முபுவிண்டி சதுப்பு நிலத்துக்கு ஒரு தடம் இறங்குகிறது. உலகம் முழுவதிலிருந்தும் பறவைக்காரர்கள் அந்தத் தடத்துக்கு வருவது கிராவர்ஸ் பிராட்பில் என்ற ஒரு சிறிய பறவைக்காக. பச்சை உடல், வெளிர்நீலத் தொண்டை. இலையோடு இலையாக உட்கார்ந்துவிட்டால் அது அசையும் வரை தெரியாது. புவிண்டியை விட்டால் காங்கோ ஜனநாயகக் குடியரசின் கிழக்கு மலைகளில் மட்டும்தான் இருக்கிறது. அங்கே இன்று போக வழியில்லை.

அந்தத் தடத்தில் யானையும் உண்டு என்பதால் துப்பாக்கியோடு ஒரு காவலர் கூடவே வருவார். இறங்கும்போது எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டு போவார்கள். திரும்பி ஏறும்போது பேச்சு இருக்காது. வழியில் ரீகல் தேன்சிட்டு, நீலத்தலைத் தேன்சிட்டு, கருஅலகு டுராக்கோ, ஹேண்ட்சம் என்றே பெயர் வாங்கிய ஒரு கௌதாரி எல்லாம் வரும். பட்டைவால் ட்ரோகனைப் பார்த்தபோது எனக்கு வால்பாறை ஞாபகம்தான் வந்தது. நம் தீக்காக்கையின் சொந்தம் அது. அதே மாதிரி அசையாமல் கிளையில் உட்கார்ந்திருந்தது.

இனி மறைசெலவுகள். இவற்றைத்தான் ஏஜெண்ட்கள் சொல்வதில்லை.

முதலாவது, வாசல் குழப்பம். பெர்மிட் ஒரு குறிப்பிட்ட வாசலுக்கு மட்டுமே செல்லும். ருஷாகா பெர்மிட்டை வைத்துக்கொண்டு புஹோமாவில் அறை போட்டவர்கள் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து மலைப்பாதையில் குலுங்கிக்கொண்டு போகவேண்டியிருக்கும். நான்கு வாசலும் ஒரே பூங்காதான். ஆனால் ஒரு வாசலிலிருந்து இன்னொன்றுக்கு மணிக்கணக்கில் சாலை.

இரண்டாவது, பறவையும் கொரில்லாவும் ஒரே நாளில் நடக்காது. கொரில்லாக் குழுவின் வழிகாட்டி முன்னே போன தடம் காண்பவர்களோடு ரேடியோவில் பேசிக்கொண்டே வேகமாக நடப்பார். நடுவில் "ஒரு நிமிஷம், அங்கே ஒரு தேன்சிட்டு" என்றால் கூட வரும் ஏழு பேரும் முறைப்பார்கள். கழுத்தில் தொங்கும் பைனாகுலர் கொடிகளில் மாட்டித் தொல்லை கொடுக்கும். பறவைக்குத் தனி நாள், தனி வழிகாட்டி, தனிக் கட்டணம் என்று திட்டமிடுங்கள். ருஹிஜாவில் குறைந்தது இரண்டு பறவை நாட்கள்.

மூன்றாவது, சாலை. விமான நிலையம் இருக்கும் என்டெபேயிலிருந்து புவிண்டி ஏறத்தாழ 500 கிலோமீட்டர். எட்டு முதல் பத்து மணி நேரம் ஆகும். போக ஒரு நாள், வர ஒரு நாள். அந்த இரண்டு நாளுக்கும் ஜீப் வாடகை, டிரைவர், சாப்பாடு, வழியில் தங்கல். புவிண்டிக்குப் பக்கத்து ஊர்களான கிஹிஹிக்கோ கிசோரோவுக்கோ சின்ன விமானம் உண்டு. அதில் ஏறினால் பெர்மிட்டில் மிச்சம் பிடித்ததில் பெரும்பகுதி காற்றோடு போகும்.

ஆனால் இந்தச் சாலை வெறும் செலவு மட்டுமல்ல. என்டெபேக்குப் பக்கத்தில் விக்டோரியா ஏரிக்கரையில் மபம்பா சதுப்பு நிலம் இருக்கிறது. துடுப்புப் படகில் போனால் ஷூபில் என்ற பறவையைப் பார்க்கலாம். செருப்பு மாதிரி அலகை வைத்துக்கொண்டு அது நிற்கும் தோரணையை ஒருமுறை பார்த்தவர்களுக்குக் கொரில்லாவே இரண்டாமிடம்தான். வழிநெடுகக் கடைகளில் 'ரோலெக்ஸ்' கிடைக்கும். சப்பாத்திக்குள் முட்டைப் பொரியலைச் சுருட்டித் தருவதுதான் அது. நம்மவர்கள் கொண்டுபோன சப்பாத்தி அங்கே புதுப் பெயரோடு வாழ்கிறது. சைவர்களுக்குப் பீன்ஸ், மட்டோக்கே என்ற வேகவைத்த வாழைக்காய், முட்டைக்கோஸ், சோறு. பட்டினி இல்லை.

கால் விஷயம்: புவிண்டியில் கொரில்லாவைத் தேடி அரை மணி நேரமும் நடக்கலாம், ஆறு மணி நேரமும் நடக்கலாம். முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. பை தூக்கவும் சரிவில் கைகொடுக்கவும் உள்ளூர் போர்ட்டர் ஒருவரைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். 15, 20 டாலர்தான். அவருக்கு அது வேலை, உங்களுக்கு அது இன்னொரு முழங்கால். நடக்கவே முடியாதவர்களை நாற்காலியில் வைத்துச் சுமந்துபோகும் ஏற்பாடும் உண்டு. அதற்குச் சில நூறு டாலர்கள் ஆகும். முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

ஒரு மணி நேரம் போதாது என்பவர்களுக்கு ருஷாகாவில் நான்கு மணி நேர அனுபவம் இருக்கிறது. மனிதர்களுக்கு இன்னும் முழுதாகப் பழகாத குடும்பத்தோடு, நான்கு பேர் மட்டும். கட்டணம் ருவாண்டாவின் பெர்மிட்டுக்குக் குறையாது.

இன்னொரு பழைய கணக்கும் இந்தக் காட்டில் பாக்கி நிற்கிறது. 1991-இல் புவிண்டி தேசியப் பூங்காவானபோது தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த பட்வா மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். இப்போது அவர்களே பயணிகளுக்கு வேட்டை நடித்துக் காட்டி, பாட்டுப் பாடிப் பணம் பெறுகிறார்கள். போவதா வேண்டாமா என்பதில் எனக்கே இன்னும் தெளிவில்லை. போவதென்றால் பட்வா மக்களே நடத்தும் நிகழ்ச்சியா, கட்டணத்தில் அவர்கள் கைக்கு என்ன போகிறது என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

எரிமலைகள் பூங்காவும் நியுங்வேயும், ருவாண்டா: காலுக்கும் காலண்டருக்கும்

2017 மே மாதம் ருவாண்டா தன் பெர்மிட்டை 750 டாலரிலிருந்து ஒரேயடியாக 1,500 ஆக்கியது. கூட்டத்தைக் குறைத்து வருமானத்தைக் காப்பதுதான் எண்ணம். கூடுதலாகக் கொடுக்கும் 700 டாலர், அதாவது சுமார் 60,000 ரூபாய்க்கு உங்களுக்கு என்ன கிடைக்கிறது?

நேரம் கிடைக்கிறது. தலைநகர் கிகாலியில் இறங்கினால் இரண்டரை மணி நேரத்தில், எரிமலைகள் பூங்காவுக்குப் பக்கத்து ஊரான முசான்சே. தார்ச்சாலை நம் தேசிய நெடுஞ்சாலைக்குச் சவால் விடும். மறுநாள் காலை ஏழு மணிக்குப் பூங்காத் தலைமையகம் இருக்கும் கினிகியில் கூட வேண்டும். அங்கே உடல்நிலையைப் பார்த்து, கிட்டத்தில் இருக்கும் குடும்பத்துக்கு அனுப்பக் கேட்டுக்கொள்ளலாம். உத்தரவாதம் இல்லை, ஆனாலும் பொதுவாக நடை புவிண்டியைவிட இதம். உருளைக்கிழங்கு வயலைத் தாண்டி, கல்சுவரைத் தாண்டி, மூங்கிலுக்குள் நுழைவீர்கள். காடு திறந்திருப்பதால் கேமராவுக்கு வெளிச்சமும் கூடுதல். புவிண்டியின் இருட்டில் கரிய உடலைப் படமெடுக்கத் திணறியவர்களுக்கு இதன் அருமை தெரியும். எங்கே என்றாலும் ஃபிளாஷ் கூடாது. கொரில்லா ஆய்வாளர் டயான் ஃபாஸி 1967-இல் தன் ஆய்வு முகாமை அமைத்ததும் இந்த மலைகளில்தான். கரிசிம்பி, பிசோக்கே என்ற இரண்டு எரிமலைகளுக்கு நடுவே.

ஆனால் பறவை? எரிமலைச் சரிவுகளில் நல்ல பறவைகள் இருக்கின்றன. அதற்காக மட்டும் யாரும் விமானம் ஏறமாட்டார்கள். ருவாண்டாவின் பறவைக்காடு நியுங்வே. நாட்டின் தென்மேற்கு மூலையில், கிகாலியிலிருந்து ஐந்தாறு மணி நேரம். 1,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். 2023-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கொரில்லா கிடையாது, சிம்பன்சி உண்டு. ஆல்பர்டைன் பறவைகளில் புவிண்டிக்குச் சளைத்ததில்லை. அந்தப் பச்சை பிராட்பில் மட்டும் இங்கே இல்லை.

நியுங்வேயில் ஒரு வசதியை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. நல்ல தார்ச்சாலை ஒன்று காட்டைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகிறது. வண்டியை ஓரம் நிறுத்தி, மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, சரிவில் இருக்கும் மரங்களின் தலையைக் கண்மட்டத்தில் பார்க்கலாம். ருவென்சோரி டுராக்கோ சிவப்புச் சிறகை விரித்துத் தாவுவதைப் பார்க்க ஒரு அடிகூட இறங்க வேண்டாம். அதே காட்டில் உவின்கா என்ற இடத்தில் மரமுகட்டு நடைபாலமும் உண்டு. முழங்கால் வலிக்காரர்கள் பறவை பார்க்க ஆப்பிரிக்க மலைக்காடுகளில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

மறைசெலவு என்று பார்த்தால், முசான்சேயில் நடுத்தர விடுதிகள் உண்டு என்றாலும் பூங்காவை ஒட்டிய விடுதிகள் மேல்தட்டுப் பயணிகளைக் குறிவைத்தவை; ஓரிரவு வாடகை சில இடங்களில் பெர்மிட்டையே மிஞ்சும். நியுங்வேயைச் சேர்த்தால் ருவாண்டாவின் பெரிய பலமான நேரச் சேமிப்பும் பாதி கரைந்துவிடும். சின்னதாக ஒன்று: பிளாஸ்டிக் பைக்கு அந்த நாட்டில் தடை. கேமராவை மழைக்குப் பாலித்தீன் கவரில் சுற்றிக்கொண்டு போனால் விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். துணிப்பையும் மழையுறையும் எடுத்துப் போங்கள்.

காங்கோ படுகை: அடுத்த பயணத்துக்கு

காங்கோ குடியரசின் ஒட்சாலா, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் சங்கா பகுதி, கபோனின் லோவாங்கோ. இவை தாழ்நிலக் கொரில்லாவின் நாடு. எண்ணிக்கை மூன்று லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள். அப்படியும் அது 'மிக அருகிய' பட்டியலில்தான் இருக்கிறது. 2002, 2003-இல் ஒட்சாலாவுக்கு அருகே எபோலா கொரில்லாக்களை எப்படி வாரிக்கொண்டு போனது என்று பார்த்தவர்கள் அந்தப் பட்டியலைக் கேள்வி கேட்கமாட்டார்கள்.

தரை பெரும்பாலும் சமம், மூச்சு வாங்காது. ஆனால் புதர் அடர்த்தி, வெக்கை. நம் கொசுத்தேனீயின் உறவுகள் வியர்வை குடிக்கக் கண்ணிலும் காதிலும் மொய்க்கும். கொட்டாது, கொட்டியே தொலைக்கலாம் என்று தோன்றும். பழம் தேடி நாளெல்லாம் அலையும் கொரில்லாக்கள் இவை. அதனால் பார்வையும் இலை நடுவே துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். பதிலுக்குக் கிடைப்பது 'பாய்' என்ற, காட்டு நடுவே மரமில்லாத வெட்டவெளிகள். சங்காவின் பெரிய பாயில் காட்டு யானைகள் கூட்டமாக உப்பு மண் தேடி வரும். நம்மூர் வீடுகளில் கூண்டிலிருந்து பேசும் சாம்பல் கிளி, அங்கே நூற்றுக்கணக்கில் இரைச்சலோடு இறங்கும். அதைப் பார்த்துவிட்டு வந்தால் கூண்டுக் கிளியிடம் முகம் கொடுத்துப் பேச முடியாது.

செலவு? முகாம், உணவு, சிறு விமானம் எல்லாம் சேர்ந்த தொகுப்பாகவே விற்கிறார்கள். ஒரு வாரத்துக்கு ருவாண்டாப் பயணத்தைப்போலப் பல மடங்கு ஆகலாம். விசா சிக்கல், பிரெஞ்சு மொழி, சில இடங்களில் பாதுகாப்பு எச்சரிக்கை. முதல் ஆப்பிரிக்கப் பயணத்துக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

காங்கோ ஜனநாயகக் குடியரசின் விருங்காவில் பெர்மிட் 400 டாலர்தான் என்று பழைய பக்கங்களில் படித்துவிட்டுக் கேட்பவர்கள் உண்டு. 1925-இல் தொடங்கிய பூங்கா, ஆப்பிரிக்காவிலேயே முதலாவது. 2025 ஜனவரியில் பக்கத்து நகரான கோமாவே கிளர்ச்சிப் படையின் கைக்குப் போனது. இப்போதைக்கு அந்த மலிவு விலையைப் பார்க்காதீர்கள்.

ஒரே பார்வையில்

| | புவிண்டி | எரிமலைகள் + நியுங்வே | காங்கோ படுகை |
|---|---|---|---|
| கொரில்லா பெர்மிட் | 800 டாலர் (2024 ஜூலை முதல்) | 1,500 டாலர் | தொகுப்பில் அடங்கும் |
| கொரில்லாவும் சிறந்த பறவைக்காடும் | ஒரே பூங்கா | நாட்டின் இரு மூலைகள் | ஒரே காடு |
| நடை | கடினம், கணிக்க முடியாது | ஓரளவு இதம் | சமம், வெக்கை |
| விமான நிலையத்திலிருந்து | 8–10 மணி நேரம் | 2½. நியுங்வேக்கு 5–6 | சிறு விமானம் |
| படத்துக்கு வெளிச்சம் | குறைவு | நன்று | பாயில் நன்று, காட்டில் குறைவு |
| குறைந்தபட்ச நாட்கள் | 7–8 | 4. நியுங்வே சேர்த்து 7 | 8–10 |

தலைக்கு எவ்வளவு என்பதில் உள்ள சூட்சுமம்

ஜீப் வாடகை வண்டிக்கு, பெர்மிட் தலைக்கு. தனியாகப் போகிறவர் புவிண்டியில் மிச்சம் பிடிக்கும் 700 டாலரைக் கூடுதல் சாலை நாட்களிலேயே பெரும்பாலும் இழந்துவிடுவார். நான்கு பேர் போனால் மிச்சம் 2,800 டாலர். வண்டிச் செலவு அதேதான். ஆக, தனி ஆளுக்கு ருவாண்டா தோன்றுகிற அளவு விலையில்லை. குடும்பத்துக்கு உகாண்டா தோன்றுவதைவிட மலிவு.

நடுவழி ஒன்றும் உண்டு. கிகாலியில் இறங்கி, எல்லை தாண்டி, ருஷாகாவுக்குப் போவது. சுமார் நான்கு மணி நேரம். உகாண்டா பெர்மிட், ருவாண்டா சாலை. கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றுக்கும் செல்லும் கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விசா 100 டாலர். ஒரே ஒரு எச்சரிக்கை: உகாண்டாவுக்கும் ருவாண்டாவுக்கும் நடுவே இருக்கும் கட்டுனா எல்லையை 2019-இல் மூடினார்கள், 2022 ஜனவரி கடைசியில்தான் மறுபடி திறக்கத் தொடங்கினார்கள். இரண்டு அரசுகளுக்கும் உரசல் வந்தால் முதலில் அடிபடுவது இந்த வழிதான். கிளம்பும் வாரம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தம்பதிக்கு நான் சொன்னது

கிகாலியில் இறங்குங்கள். எரிமலைப் பூங்காவில் அம்மாவுக்கு ஒரு கொரில்லா நாள். அய்யா அன்றைக்கு விடுதித் தோட்டத்தில் தேன்சிட்டு எண்ணட்டும். இரண்டு பெர்மிட்டும் எடுக்க வேண்டும் என்று சட்டமில்லை. மிஞ்சும் 1,500 டாலரில் நியுங்வேயில் மூன்று இரவு, சாலையோரப் பறவை, இருவரும் சேர்ந்தே. அவர் முகம் கொஞ்சம் வாடியது. பச்சை பிராட்பில் போச்சே! போகட்டும், அதற்கு ஒருநாள் அவர் மட்டும் ருஹிஜாவுக்கு வரட்டும்.

அவருக்கே நாற்பது வயதாக இருந்து, துணைக்கு இரண்டு நண்பர்களும் இருந்தால் யோசிக்காமல் புவிண்டி என்றிருப்பேன். ருஹிஜாவில் மூன்று இரவு, மபம்பாவில் ஒரு காலை.

மாதம் எதுவென்றால் ஜூன் முதல் ஆகஸ்ட், அல்லது டிசம்பர் முதல் பிப்ரவரி. மற்ற மாதங்களிலும் போகலாம். மழைக்காடு என்பதால் எந்த மாதமும் நனையத்தான் போகிறீர்கள். சேற்றுச் சரிவில் இறங்கும் வேலைதான் கூடும்.

முன்பதிவு வரிசையை மாற்றாதீர்கள். முதலில் பெர்மிட், பிறகு அதே வாசலில் அறை, அதன் பிறகே விமானம். பல பேர் மலிவு டிக்கெட்டைப் பார்த்து முதலில் விமானத்தை எடுத்துவிட்டு, அந்தத் தேதியில் பெர்மிட் இல்லாமல் தவிக்கிறார்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கிளம்புவதற்குப் பத்து நாளுக்கு முன்பாவது போட்டிருக்க வேண்டும். சென்னைக்காரர்களுக்குக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. உகாண்டாவுக்குள் நுழையவும் சான்றிதழ் வேண்டும். அங்கிருந்து இந்தியா திரும்பும்போது அது இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த விதியிருக்கிறது. அறுபது தாண்டியவர்கள் இந்த ஊசிக்கு முன் மருத்துவரிடம் பேசியே ஆகவேண்டும். அந்த வயதில் பக்கவிளைவு அபாயம் கூடுதல். அந்தத் தம்பதிக்கு நான் முதலில் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான், கடைசியில்தான் ஞாபகம் வந்தது. மலேரியா மாத்திரையையும் அதே நாளில் கேட்டுவிடுங்கள். தடுப்பூசிச் சான்றிதழான அந்த மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு கைப்பையில் வையுங்கள், செக்-இன் பெட்டியில் வேண்டாம்.